கடனாளியும் கணக்குத் தாளும்

நம் நாட்டில் ஒரு குடும்பம் கடனில் மூழ்கிப் போய்விட்டால் அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் வெகு வேடிக்கையானவை. ஏழரைச் சனி என்பார்கள்; வீட்டு வாசற்படி வைத்த திசை சரியில்லை என்பார்கள்; மருமகள் காலடி எடுத்து வைத்த வேளை என்பார்கள்; கடைசியில் எல்லாம் தலைவிதி என்று சொல்லி விட்டுவிடுவார்கள். வாங்கிய கடனுக்கு உண்மையான வட்டி வீதம் எத்தனை என்று மாத்திரம் ஒருவரும் கேட்பதில்லை. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு நல்ல நாள் பார்க்கின்றார்கள், ராகு காலம் போகட்டும் என்று காத்திருக்கின்றார்கள். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கின்றது என்று பார்க்க அரைமணி நேரம் கிடைப்பதில்லை. ராகு காலத்தில் வாங்கினாலும் எமகண்டத்தில் வாங்கினாலும் 24 வட்டி 24 வட்டிதான் என்பது எத்தனை பேருக்குத் தோன்றுகின்றது என்று கேட்கின்றோம்.

இதை நாம் பரிகாசத்துக்காகச் சொல்லவில்லை. 2017-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆபீசு வளாகத்தில் ஒரு கூலிக்காரக் குடும்பம், இரண்டு குழந்தைகள் உட்பட, கந்துவட்டிக் கொடுமையால் தீக்குளித்து மாண்டதை இந்த நாடு பார்த்தது. அதற்கு 14 வருஷங்களுக்கு முன்பே, 2003-ல், கந்துவட்டித் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் வந்துவிட்டது. நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லியே அந்தச் சட்டம் தடுக்கின்றது. சட்டம் இருக்கின்றது, தண்டல்காரனும் இருக்கின்றான். இருவருக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஒன்று, அதாவது கடன் வாங்குகின்றவனுடைய கணக்கு, அதுதான் இல்லை.

தண்டலையே முதலில் எடுத்துக் கொள்ளுவோம். மார்க்கெட்டில் காய்கறிக் கடை போட்டிருக்கும் ஒரு அம்மாள் 10,000 ரூபாய் தண்டல் வாங்குகின்றார். தண்டல்காரர் 1,000 ரூபாயை முன்னாடியே பிடித்துக்கொண்டு 9,000 கொடுக்கின்றார். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வட்டி எவ்வளவு என்று அந்த அம்மாளைக் கேட்டால், “பத்தாயிரத்துக்கு ஆயிரம், நூற்றுக்குப் பத்து” என்று சொல்லுவார். கொடுத்தவரும் அதையேதான் சொல்லுவார். இரண்டு பேரும் சொல்லுவது ஒன்றாயிருப்பதாலேயே அது நிஜமாகிவிடாது.

என்ன காரணம் என்றால், அந்த அம்மாள் கையில் 9,000 ரூபாய் 100 நாளும் இருக்கவில்லை. மறுநாளே 100 ரூபாய் திரும்பிப் போய்விடுகின்றது. பாதி நாள் ஆகும்போது பாதிப் பணம் போய்விடுகின்றது. சராசரியாகப் பார்த்தால் அந்த 100 நாளில் அவர் உபயோகித்த கடன் சுமார் 4,700 ரூபாய்தான். 4,700 ரூபாய்க்கு 100 நாளில் 1,000 ரூபாய் வட்டி என்றால் 100 நாளைக்கு 21 சதவிகிதத்துக்கு மேல் ஆகின்றது. இதை 365 நாளுக்கு விரித்தால் வருஷத்துக்கு 77 சதவிகிதத்துக்கும் மேல் வருகின்றது. வட்டிக்கு வட்டி சேர்க்காமலேயே இவ்வளவு. 10 என்று சொல்லப்பட்டது 77 ஆக இருக்கின்றது. இதிலே மந்திரமுமில்லை, தந்திரமுமில்லை. பெருக்கலும் வகுத்தலும்தான் இருக்கின்றன.

தண்டல்காரர் படிக்காதவர், முரடர், அவரிடம் அப்படித்தான் இருக்கும், கண்ணாடிக் கதவு போட்ட கம்பெனியில் அப்படி இருக்காது என்று சிலர் நினைக்கலாம். அங்கே போய்ப் பார்ப்போம். ஒரு லட்ச ரூபாய் கடன், 12 மாதத் தவணை, “10 சதவிகிதம் பிளாட் ரேட்” என்று விளம்பரம் செய்கின்றார்கள். ஒரு லட்சத்துக்கு 10,000 வட்டி, ஆக 1,10,000. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 9,167 ரூபாய். கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் முதல் மாதம் கட்டியவுடனேயே அசலில் ஒரு பாகம் தீர்ந்துவிடுகின்றதல்லவா? தீர்ந்த அசலுக்கும் கடைசி மாதம் வரை வட்டி வாங்குவதற்குத்தான் பிளாட் ரேட் என்று பெயர். நிற்கும் பாக்கிக்கு மாத்திரம் வட்டி போட்டால் இந்தக் கடனின் வீதம் வருஷத்துக்குச் சுமார் 18 சதவிகிதம் ஆகின்றது. அதோடு “பிராசஸிங் சார்ஜ்” என்று 2,000 ரூபாயை முன்னமே பிடித்துக்கொண்டு 98,000 மாத்திரம் கையில் கொடுத்தால் வீதம் சுமார் 22 சதவிகிதம். கடன் வாங்கினவர் ஊரெல்லாம் 10 வட்டிக்கு வாங்கினதாகச் சொல்லிக்கொண்டிருப்பார். தண்டல்காரர் முன்பணம் பிடிப்பதும் கம்பெனிக்காரர் சார்ஜ் பிடிப்பதும் ஒரே வித்தைதான். ஒருவர் தோளில் துண்டு, மற்றவர் கழுத்தில் டை, வித்தியாசம் அவ்வளவே.

இந்த 18-ம் 22-ம் எங்கிருந்து வந்தன என்று வாசகர்கள் கேட்க வேண்டும். நாம் சொன்னோம் என்பதற்காக நம்பக் கூடாது. இதைக் கையால் போடுவது கொஞ்சம் சிரமந்தான். ஏனெனில் தவணையிலிருந்து வட்டி வீதத்தைப் பின்னோக்கிக் கண்டுபிடிக்க நேரான சூத்திரம் கிடையாது. ஒரு வீதத்தை உத்தேசமாக வைத்து, சரியாக வருகின்றதா என்று பார்த்து, கூட்டியும் குறைத்தும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும். இந்தச் சிரமந்தான் இத்தனை காலமாகக் கடன் கொடுக்கின்றவனுக்குப் பாதுகாப்பாக இருந்து வந்தது. ஆனால் இன்றைக்கு அந்தச் சிரமத்தை வாங்கிக்கொள்ள ஒரு கருவி வந்திருக்கின்றது. அதுதான் கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் கிடைக்கும் கணக்குத் தாள், எக்ஸெல் என்று ஜனங்கள் சொல்லுவது.

இதன் சரித்திரம் சுருக்கமானது. ஸ்பிரெட்ஷீட் என்பது முதலில் காகிதந்தான். வரியும் பத்தியுமாகக் கட்டம் போட்ட பெரிய கணக்குக் காகிதம். அமெரிக்காவில் ஹார்வர்டு வியாபாரக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்ளின் என்பவர், ஆசிரியர் கரும்பலகையில் கணக்குப் போடும்போது ஒரு எண்ணை மாற்றினால் அதைத் தொட்ட எல்லா எண்களையும் அழித்து அழித்து எழுத வேண்டியிருப்பதைக் கண்டு, ஒன்றை மாற்றினால் மற்றதெல்லாம் தானே மாறும்படியான ஒரு பலகை வேண்டும் என்று நினைத்தார். அவரும் பாப் பிராங்ஸ்டன் என்பவரும் சேர்ந்து செய்த ‘விசிகால்க்’ 1979-ல் ஆப்பிள் கம்ப்யூட்டரில் ஓடும்படி விற்பனைக்கு வந்தது. 1985-ல் எக்ஸெல் வந்தது. இப்பொழுது லிப்ரே ஆபீஸ், கூகுள் ஷீட்ஸ் என்பவை காசு இல்லாமலே கிடைக்கின்றன. சினிமாப் பாட்டுக் கேட்கும் அதே செல்போனில் இதுவும் ஓடும். ஆகையால் எனக்கு வசதியில்லை என்று சொல்ல அநேகம் பேருக்கு இடமில்லை.

உபயோகிக்கும் விதத்தையும் சொல்லிவிடுகின்றோம். தாளைத் திறந்தால் கட்டம் கட்டமாக இருக்கும். ‘ரேட்’ என்று ஒரு சூத்திரம் இருக்கின்றது. அதற்கு மூன்று எண்கள் கொடுக்க வேண்டும்: எத்தனை தவணை, ஒரு தவணைக்கு எவ்வளவு, கையில் வந்த பணம் எவ்வளவு. மேலே சொன்ன கடனுக்கு 12, 9,167, 98,000. தவணை கையை விட்டுப் போகும் பணமாதலால் அதற்கு முன்னால் கழித்தல் குறி போட வேண்டும். மாத வட்டி 1.82 என்று வரும். பன்னிரண்டால் பெருக்கினால் கிட்டத்தட்ட 22. இதில் முக்கியமான சங்கதி மூன்றாவது எண்ணில் இருக்கின்றது. பத்திரத்தில் எழுதிய தொகையைப் போடக்கூடாது. நிஜமாகவே கைக்கு வந்த தொகையைப் போட வேண்டும். பிடித்தம் எல்லாம் அந்த ஒரு எண்ணில் வெளுத்துப் போய்விடும்.

‘ரேட்’ கூட வேண்டாம் என்பவர்கள் ஐந்து பத்தி போட்டுக்கொள்ளட்டும். மாத எண், மாத ஆரம்பத்தில் பாக்கி, அந்த மாத வட்டி, அசலில் கழிந்தது, மாத முடிவில் பாக்கி. முதல் வரியை எழுதி இரண்டாவது வரியை அதோடு இணைத்துவிட்டால் மற்ற வரிகளை விரலால் இழுத்துவிடலாம். வீட்டுக் கடன் வாங்கியவர்கள் எல்லோரும் இந்தத் தாளை ஒரு தடவையாவது போட்டுப் பார்க்க வேண்டும். 30 லட்ச ரூபாய், 8.5 சதவிகிதம், 20 வருஷம் என்றால் மாதத் தவணை 26,035. முதல் தவணையில் 21,250 வட்டிக்குப் போய்விடும், அசலுக்குப் போவது 4,785-தான். ஐந்து வருஷம், அறுபது தவணை, மொத்தம் 15 லட்சத்து 62 ஆயிரம் கட்டின பிறகும் பாக்கி 26 லட்சத்து 44 ஆயிரம் நிற்கும். கட்டினவர் வயிறு எரிந்து பாங்கியில் ஏதோ மோசம் செய்துவிட்டார்கள் என்று சொல்லுவார். மோசம் ஒன்றுமில்லை, வட்டி என்பதன் சுபாவமே அப்படி. ஆனால் அதே தாளில் முதல் வருஷ முடிவில் ஒரு லட்சம் அசலில் அதிகமாகக் கட்டினதாக ஒரு கட்டத்தை மாற்றிப் பார்க்கட்டும். கடைசியில் 18 தவணைகள் மறைந்து போகும். அதாவது ஒரு லட்சம் முன்கூட்டிக் கட்டினால் பின்னால் கட்ட வேண்டிய நாலு லட்சத்து எழுபதாயிரம் கட்ட வேண்டியதில்லை. மாறும் வட்டியுள்ள வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டுவதற்குத் தனிநபரிடம் பாங்கிகள் அபராதம் வாங்கக் கூடாதென்று ரிசர்வ் பாங்கி 2012-லேயே உத்தரவு போட்டுவிட்டது. போனஸ் வந்தவுடன் அட்சய திருதியைக்கு நகைக் கடை வாசலில் வரிசையில் நிற்கின்றவர்களுக்கு இந்தச் சங்கதி தெரியுமா?

அந்த நகையின் கணக்கும் பார்த்துவிடலாம். தங்கத்தின் விலை 100 ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். செய்கூலி, சேதாரம் என்று 12 ரூபாய் சேர்த்தால் 112. அதன்மேல் 3 சதவிகிதம் ஜி.எஸ்.டி. போட்டால் 115 ரூபாய்க்கு மேல். கடையை விட்டு வெளியே வந்து மறுபடி உள்ளே போய் விற்றால் தங்கத்துக்கு 100 ரூபாய்க்கு மேல் கிடைக்காது. ஆகவே லட்சுமி வீட்டுக்கு வரும் நாள் என்று சொல்லப்படும் அன்றைக்கே 15 ரூபாய் வீட்டை விட்டுப் போய்விடுகின்றது. தங்கத்தின் விலை ஏறாது என்று நாம் சொல்லவில்லை. சமீப வருஷங்களில் நன்றாகவே ஏறியிருக்கின்றது. தங்கம் வாங்குவது வேறு, நகை வாங்குவது வேறு என்றுதான் சொல்லுகின்றோம். அணிந்துகொள்ள ஆசையிருந்தால் அணிந்துகொள்ளட்டும்; அதைச் சேமிப்பு என்று சொல்லித் தன்னையே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம்.

நிற்க, கிரெடிட் கார்டு என்னும் அட்டையைப் பற்றிப் பட்டணத்துத் தோழர்களுக்குச் சில வார்த்தைகள். 50,000 ரூபாய் பாக்கி. “குறைந்த பட்சம் 5 சதவிகிதம் கட்டினால் போதும்” என்று சீட்டு வருகின்றது. அதாவது 2,500 ரூபாய். மாதத்துக்கு மூன்றரை சதவிகிதம் வட்டி என்றால் 1,750. அந்த வட்டியின் மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. 315, ஆக 2,065. கட்டின 2,500-ல் கடன் குறைந்தது 435 ரூபாய். இப்படியே, வேறொன்றும் வாங்காமல், 12 மாதம் கட்டி வந்தால் கட்டின பணம் சுமார் 28,600. பாக்கி நிற்பது சுமார் 45,000. மாதாமாதம் ஒழுங்காகக் கட்டுகின்ற நாணயஸ்தன் என்று அவருக்கு மெச்சிக் கடுதாசி வேறு வரும்!

இதையெல்லாம் படித்துவிட்டு, கணக்குப் பார்த்தால் எல்லாமே மோசமாகத்தான் தெரியும் போலிருக்கின்றது என்று யாரும் நினைக்க வேண்டாம். கணக்கு யாருக்கும் பகையுமல்ல, உறவுமல்ல. சீட்டு விஷயத்தைப் பாருங்கள். இருபது பேர், இருபது மாதம், ஆளுக்கு 5,000, ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. தள்ளுபடி போகச் சராசரியாக மாதம் 4,500 கட்டினதாக வைத்துக்கொள்ளுவோம். கடைசிவரை எடுக்காமல் இருந்தவர் 90,000 கட்டி, சீட்டுக்காரர் கமிஷன் 5,000 போக 95,000 வாங்குகின்றார். 90-க்கு 5 தானா என்று முகம் சுளிப்பார். தாளில் போட்டுப் பார்த்தால் வருஷத்துக்கு 6.8 சதவிகிதம் வருகின்றது. ஏனெனில் அவர் பணம் முழுவதும் இருபது மாதமும் உள்ளே இல்லை. தண்டலில் கடன் வாங்கினவருக்கு விரோதமாக வேலை செய்த அதே நியாயம் இங்கே சேமித்தவருக்கு அனுகூலமாக வேலை செய்கின்றது. அதே சீட்டில் முதல் மாதமே 30,000 தள்ளி 70,000 எடுத்தவருக்கோ வருஷத்துக்குச் சுமார் 34 சதிவிகித வட்டிக் கடனாக முடிகின்றது. ஒரே சீட்டு ஒருவருக்குச் சேமிப்பு, இன்னொருவருக்குக் கடுங்கடன். எடுக்கின்ற மாதத்தைக் கோவத்திலோ, கல்யாண அவசரத்திலோ, பக்கத்து வீட்டுக்காரர் ஏலம் கேட்டார் என்ற வீம்பிலோ தீர்மானிக்கின்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கமிஷனும் அவரவர் இஷ்டப்படி எடுக்கக் கூடியதல்ல. 1982-ம் வருஷச் சீட்டு நிதிச் சட்டத்தில் 5 சதவிகிதமாக இருந்த எல்லையை 2019-ல் 7 ஆக உயர்த்தினார்கள். அதற்கு மேல் கேட்பவர் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றார். பதிவே செய்யாத சீட்டில் 6.8-ம் இல்லை, 34-ம் இல்லை. அசலே இல்லாமல் போகக் கூடும், அதற்கு எந்தத் தாளிலும் சூத்திரம் கிடையாது.

இன்ஷுரன்ஸ் ஏஜெண்டு பெரும்பாலும் நமக்கு மாமாவாகவோ மச்சானாகவோ இருப்பார். வருஷம் 50,000 வீதம் இருபது வருஷம் கட்டினால் 10 லட்சம், முடிவில் பதினேழரை லட்சம், முக்கால் பங்கு லாபம் என்று சொல்லுவார். சொன்ன எண்கள் சரியாகவே இருக்கட்டும். தாளில் போட்டால் வருஷத்துக்கு 5 சதவிகிதத்துக்குச் சற்று மேலே வருகின்றது. தபாலாபீசில் போடும் பி.பி.எப். கணக்குக்கு 2020 ஏப்ரல் முதல் சில வருஷங்கள் 7.1 சதவிகிதம் கொடுத்து வந்தார்கள். அந்த வீதமே இருபது வருஷமும் நிலைத்ததாக வைத்தால் அதே 50,000 அதே இருபது வருஷத்தில் 22 லட்சத்துக்கு மேல் ஆகும். நடுவில் செத்துப்போனால் பி.பி.எப். கூடுதலாக ஒன்றும் கொடுக்காது, இன்ஷுரன்ஸ் கொடுக்கும் என்பது வாஸ்தவந்தான். சம்பாதிக்கின்றவன் செத்தால் பெண்டாட்டி பிள்ளைகள் தெருவில் நிற்காமலிருக்க இன்ஷுரன்ஸ் அவசியம் என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் அதற்கென்று மாத்திரம் இருக்கும் டெர்ம் பாலிசிக்குப் பிரீமியம் மிகக் குறைவு. அதைச் சொன்னால் மாமாவுக்குக் கமிஷனும் குறைவு.

இவ்வளவும் பணக்காரன் பாடு, மாதம் பதினைந்தாயிரம் சம்பாதிக்கின்றவனுக்கு என்ன கணக்கு வேண்டிக்கிடக்கின்றது என்று ஒரு ஆட்சேபணை சொல்லப்படும். மேலே வந்த எண்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். வீடு வாங்குகின்றவனுக்கு 8.5, தவணைக்கு வாங்குகின்றவனுக்கு 22, அட்டையில் வாங்குகின்றவனுக்கு 42, காய்கறிக் கூடைக்காரிக்கு 77. பணமில்லாதவனுக்குத்தான் பணத்தின் விலை அதிகமாயிருக்கின்றது. விலை அதிகமாய்க் கொடுக்கின்றவன்தானே விலையை விசாரிக்க வேண்டும்? கத்தரிக்காய் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைக்கப் பத்து நிமிஷம் பேரம் பேசுகின்ற ஜனங்கள், வட்டிக்காரனிடம் மாத்திரம் சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு கும்பிடும் போடுவது என்ன நியாயம்?

நமக்குக் கணக்கு வராது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். மொய் நோட்டு என்று ஒன்று வீட்டுக்கு வீடு இருக்கின்றதே, அதைப் பாருங்கள். இருபது வருஷத்துக்கு முன் காதுகுத்துக்கு யார் 101 வைத்தார், யார் 51 வைத்தார் என்பது ஊர், தெரு, தகப்பன் பெயரோடு எழுதி வைக்கப்பட்டிருக்கும். புதுக்கோட்டை, தஞ்சாவூர்ச் சீமைகளில் மொய் விருந்து என்றே தனியாக நடத்தி லட்சக் கணக்கில் வசூலித்து, ஒரு ரூபாய் பிசகாமல் திருப்பிச் செய்கின்றார்கள். இவ்வளவு எழுதத் தெரிந்தவர்களுக்கு ஒரு பத்தி அதிகமாக எழுத வராதா? மொய்யிலும் ஒரு சங்கதி இருக்கின்றது. 72-ஐ விலைவாசி உயரும் வீதத்தால் வகுத்தால் பணத்தின் மதிப்புப் பாதியாகும் வருஷம் கிடைக்கும். இது இன்று நேற்றுக் கண்டதல்ல. இத்தாலியில் லூகா பாச்சியோலி என்பவர் 1494-ல் அச்சிட்ட கணக்குப் புஸ்தகத்திலேயே பணம் இரட்டிப்பதற்கு இந்த 72 விதி இருக்கின்றது. விலைவாசி வருஷம் 6 சதவிகிதம் ஏறினால் 12 வருஷத்தில் பாதி. ஆகவே அன்று வாங்கின 1,000-க்கு 12 வருஷம் கழித்து 1,000 வைத்தால் வாங்கினதில் பாதிதான் திருப்பினதாக அர்த்தம். கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும் என்ற வழக்கத்தை ஏற்படுத்தினவர்கள் பாச்சியோலியைப் படித்தவர்களல்ல, என்றாலும் விஷயம் தெரிந்தவர்கள்.

பழைய காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி என்று மா, காணி, முந்திரி வரை பிள்ளைகள் பாராமல் ஒப்புவித்தார்கள். அதைச் சொல்லிப் பெருமைப்படுகின்றவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கணக்கு யாரிடம் போய் நின்றது? ஊருக்கு ஒரு கணக்குப்பிள்ளை. அவருக்குப் பிறகு அவர் மகன். நிலத்தின் அளவும் தீர்வையும் அவர் ஏட்டில். உழுகின்றவனுக்கு அவர் சொன்னதுதான் அளவு. 1980-ல் எம்.ஜி.ஆர். அரசாங்கம் அந்தப் பரம்பரைக் கர்ணம், மணியம் உத்தியோகங்களை எடுத்துவிட்டது. உத்தியோகம் போயிற்றே தவிர, ஒருவன் ஏட்டை வைத்துக்கொண்டிருக்க மற்றவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் வழக்கம் போகவில்லை. முன்பு கணக்குப்பிள்ளை வீட்டுத் திண்ணையில் நின்றவன் இப்பொழுது பாங்கி கவுண்டரில் நிற்கின்றான். வீட்டுக்குள்ளேயும் இதே கதைதான். மகளிர் குழுவில் வாரத் தவணை கட்டுகின்றவள் பெண். கடன் அவள் பெயரில். பாங்கிப் புஸ்தகமோ புருஷன் பெட்டியில். எந்த வீட்டிலும் கணக்குத் தாளைத் திறக்கும் வேலை ஆண் பிள்ளைக்கென்று ஒதுக்கப்பட வேண்டியதில்லை. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்லும்போது மாத்திரம் பெண்ணுக்குச் சமத்துவம் கொடுப்பது நல்ல வேடிக்கை.

இனி, இந்தத் தாளையே ஒரு புதுத் தெய்வமாக்கிக் கும்பிடப் புறப்படுகின்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மியூச்சுவல் பண்டு விற்பவர்கள் அழகழகாகத் தாள் போட்டுக் காட்டுவார்கள். மாதம் 5,000, முப்பது வருஷம், 15 சதவிகிதம், மூன்றரைக் கோடி! கணக்குச் சரிதான். ஆனால் 15 என்ற எண்ணை யார் எழுதினார்? அந்தக் கட்டத்தில் 9 என்று மாற்றினால் கோடி போய் 92 லட்சம் ஆகும். முப்பது வருஷமும் விலைவாசி 6 சதவிகிதம் ஏறினதாக வைத்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் அந்த 92 லட்சம் சுமார் 16 லட்சம். ஒரு கட்டத்தில் கை வைத்ததற்கு மூன்றரைக் கோடி எங்கே, 16 லட்சம் எங்கே! ஜோசியன் கட்டம் போட்டுச் சொன்னால் சிரிக்கின்றவர்கள், கம்ப்யூட்டர் கட்டம் போட்டுச் சொன்னால் மாத்திரம் வாயைப் பிளப்பது பகுத்தறிவாகாது. உள்ளே போட்டதுதான் வெளியே வரும்.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கின்றது. பொருளாதாரப் பேராசிரியர்கள் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாப் என்பவர்கள் 2010-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு நாட்டின் கடன் அதன் வருஷ உற்பத்தியில் 90 சதவிகிதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்பது அதன் சாரம். பல நாட்டு அரசியல்காரர்கள் அதைக் காட்டி ஏழைகளுக்கான செலவுகளைக் குறைக்க வேண்டும் என்று வாதாடினார்கள். 2013-ல் மாசசூசெட்ஸ் சர்வகலாசாலை மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் என்பவர் அந்தக் கணக்குத் தாளையே வாங்கிப் பார்த்தார். சராசரி போடும் சூத்திரத்தில் ஐந்து நாடுகளின் வரிகள் விட்டுப்போயிருந்தன. வேறு குறைகளும் இருந்தன. அவற்றையெல்லாம் திருத்திப் போட்டபோது, வளர்ச்சி சைபருக்கும் கீழே என்று சொல்லப்பட்ட இடத்தில் 2.2 சதவிகிதம் வந்தது. உலகமெல்லாம் மூன்று வருஷமாய் எடுத்து ஓதிக்கொண்டிருந்ததை ஒரு மாணவன் கட்டத்தைச் சொடுக்கிப் பார்த்துக் கண்டுபிடித்தான். பேராசிரியர் சொன்னாரே, பெரியவர் சொன்னாரே என்று அவன் சும்மா இருந்திருந்தால் என்னவாயிருக்கும்?

கடைசியாக ஒரு உத்தரவைப் பற்றி. 2024 ஏப்ரல் 15-ல் ரிசர்வ் பாங்கி போட்ட சுற்றறிக்கையின்படி, அந்த வருஷம் அக்டோபர் 1 முதல் பாங்கிகளும் கடன் கம்பெனிகளும் தனிநபருக்கும் சிறு தொழிலாளருக்கும் கொடுக்கும் தவணைக் கடன் ஒவ்வொன்றுக்கும் “முக்கிய விவர அறிக்கை” என்று ஒரு தாள் கொடுத்தாக வேண்டும். அதில் எல்லாச் சார்ஜையும் சேர்த்த வருஷ வீதம், அதாவது ஏ.பி.ஆர்., எழுதியிருக்க வேண்டும். அந்தத் தாள் கடன் வாங்குகின்றவனுக்குப் புரியும் பாஷையில் இருக்க வேண்டும். அதை அவனுக்கு விளக்கவும் வேண்டும். அதில் சொல்லாத எந்தச் சார்ஜையும் அவன் சம்மதமில்லாமல் பின்னால் போடக் கூடாது. ஏழு நாளுக்கு மேற்பட்ட தவணையுள்ள கடனுக்கு யோசித்துப் பார்க்கக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசமும் உண்டு. தண்டல்காரரிடம் இதைக் கேட்க முடியாது. ஆனால் பாங்கியிலும் கம்பெனியிலும் இது பிச்சையல்ல, உரிமை. “தமிழில் கொடுங்கள்” என்று கேட்க வேண்டியது. பத்துப் பக்க இங்கிலீஷைக் காட்டி விரலால் கையெழுத்து இடத்தைச் சுட்டினால் எழுந்து வந்துவிட வேண்டியது. தாள் கிடைத்தால் வீட்டுக்குக் கொண்டுவந்து, பள்ளிக்கூடத்தில் படிக்கும் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, தவணை எத்தனை, தொகை எவ்வளவு, கைக்கு வருவது எவ்வளவு என்ற மூன்று எண்களையும் ‘ரேட்’ சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். பாங்கி எழுதின எண்ணும் உங்கள் எண்ணும் ஒன்றாயிருக்கவில்லையானால், இரண்டையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு மூன்றாம் நாள் போய், எது சரி என்று மானேஜரைக் கேளுங்கள்.